பின் அறைக்கு எட்டாத சிக்னல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் என்றால், என் கொழுந்தன் சொல்வார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்தத் திங்கட்கிழமை காலையில் படிப்பு மையத்தின் மேலாளர் அம்மா போனில் பேசி முடித்தபோது, என் கோபம் நேராக இரும்பு பீரோ மேல் உட்கார்ந்திருந்த ரவுட்டர் மேல்தான் பாய்ந்தது.

அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "சாருக்கு லைன் அடிக்கடி கட்டாகுதுங்க. படிக்கிறவங்க மூணு வாரமா சொல்லிட்டே இருக்காங்க. பாதி வாக்கியத்துல நின்னுடுதாம். இவங்க ஹலோ ஹலோன்னு கத்திட்டு, வெளிய போயி மறுபடி உள்ள வர்றாங்க. பாடம் நகரவே மாட்டேங்குது. வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நானே வகுப்புல உக்காந்து பாக்குறேன். அன்னைக்கும் இப்படியே இருந்தா, தப்பா எடுத்துக்காதீங்க, வேற ஆளுகிட்ட கொடுக்க வேண்டியிருக்கும்."

"ஐயோ, என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க! லைன்தானே? சனிக்கிழமைக்குள்ள மாத்திடறோம்" என்றேன். போனை வைத்ததும் பீரோவைப் பார்த்து, "உன்னை என்ன பண்றேன் பார்" என்று சொன்னேன். தைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்க வந்திருந்த பெண், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற பிறகு, பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறிப்போன பெரியவர்களுக்குக் கணினி வழியாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு பஸ் டிரைவர், ஒரு பெயின்டர், மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸம்மா, சலூன் வைத்திருக்கும் ஒரு பெண். வேலைக்கு நடுவே வந்து உட்காருகிறவர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். லேசான பக்கவாதம் என்றார்கள். கை கால் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத்தான் வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மையத்திலிருந்து திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்த அன்றைக்குத்தான் தானாகவே எழுந்து போய் முகச்சவரம் செய்துகொண்டார். மூன்று வாரமாகச் சனிக்கிழமை மதியமே வெள்ளைச் சட்டையை எடுத்து நாற்காலியில் மாட்டிவிடுகிறார். அந்த வகுப்பு போனால் அவர் மறுபடியும் சன்னல் ஓரத்துக்குப் போய்விடுவார்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"புது ரவுட்டர் வாங்கிடலாம்" என்றேன்.

"வேண்டாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பழசே..." என்றார்.

"பழசே போதும்னு சொல்லாதீங்க. செலவாகுதேன்னு பாக்குறீங்களா? இதுல கஞ்சத்தனம் பண்ணுனா எப்படி?"

தலையை ஆட்டினார். "லைன்... நல்லா இருந்தா..."

"நல்லா இருந்தா நல்லதுதானே! அதுக்குத்தானே சொல்றேன். நீங்க கவலப்படாம இருங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்தே அவர் சொல்வது குறைவு, நான் சொல்வது அதிகம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டில் சராசரிப் பேச்சுத்தான் இருக்கும் என்று அவரே ஒருமுறை கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே கொழுந்தன் வந்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதனால் மேலேயும் கீழேயும் போகிற எதைப் பற்றியும் கருத்துச் சொல்லத் தனக்கு உரிமை உண்டு என்று அவருக்கு எண்ணம். சிக்னலும் அப்படித்தானே போகிறது! போனில் ஒரு படத்தைக் காட்டினார். எட்டுக் கம்பி நீட்டிக்கொண்டு, மல்லாக்கக் கிடக்கிற பூச்சி மாதிரி ஒரு பெட்டி.

"அண்ணி, இதான் மார்க்கெட்லயே பெரிசு. இத வாங்கி முன் ரூம்ல வச்சா, தெரு முனை வரைக்கும் சிக்னல் அடிக்கும்."

"தெரு முனையில யாரு தம்பி கணக்கு நடத்தறது? எனக்குப் பின் ரூம் வரைக்கும் வந்தாப் போதும்."

"கம்பி அதிகமா இருந்தா பவர் அதிகம் அண்ணி. சிம்பிள்."

"உங்க தலையில கூடத்தான் போன வருஷம் முடி அதிகமா இருந்துச்சு" என்றேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

கொழுந்தன் சொன்னதை அப்படியே வாங்கிவிடுகிற ஆள் நான் இல்லை. முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறேன். ஆளை அளக்காமல் துணியை வெட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். போனில் சிக்னல் காட்டுகிற கோடுகளைப் பார்த்துக்கொண்டே வீடு முழுக்க நடந்தேன். எங்கள் வீடு நீளமானது. வாசல் அறையில் என் தையல் மெஷின், அங்கேதான் லைன் உள்ளே வருகிறது. அதற்குப் பின்னால் நீண்ட நடைவழி. இடது கை பக்கம் சமையலறை, வலது கை பக்கம் குளியலறை. கடைசியில் அவருடைய அறை. வாசல் அறையில் நான்கு கோடு. ஃப்ரிட்ஜைத் தாண்டினதும் மூன்று. குளியலறைச் சுவரைத் தாண்டினதும் ஒன்று. அவர் மேசையில் வைத்தால் அந்த ஒன்றும் வந்து வந்து போனது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான் என்று நினைத்தேன்.

அவரை வாசல் அறைக்கு மாற்றலாமே என்றால், என் மெஷின் சத்தமும் வருகிறவர் போகிறவர் பேச்சும் நாள் பூராவும் ஓயாது. அதோடு, அவர் பின் அறையை விட்டு வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பு நேரத்தில் கதவையும் சாத்திக்கொள்வார். சத்தம் வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்கிறார் என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிரவுன் பேப்பரை விரித்து, டேப்பை எடுத்து, வீட்டை அளந்தேன். அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டு சுவர் சுவராக வரைந்து வெட்டினேன். ஃப்ரிட்ஜ், பீரோ, அதன் மேல் இருக்கிற ரவுட்டர், குளியலறைக் கண்ணாடி எல்லாவற்றையும் சாக்குக்கட்டியால் குறித்தேன். சட்டைக்கு வெட்டுகிற மாதிரி, முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம் என்று மூன்று துண்டு. சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். மேசை மேல் நான் மூன்று துண்டையும் சேர்த்து வைத்ததும் அவள் வாயைப் பிளந்தாள்.

"அக்கா, எல்லாரும் வந்து எது பெஸ்ட்டுன்னுதான் கேப்பாங்க. வீட்டையே வெட்டி எடுத்துட்டு வந்தது நீங்கதான்."

"துணியா இருந்தா தச்சே கொண்டு வந்திருப்பேன். சொல்லும்மா, எது வாங்கறது?"

அவள் கம்பிகளைப் பற்றியே பேசவில்லை. சுவர் செங்கல்லா சிமெண்டா என்று கேட்டாள். குளியலறைச் சுவரில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டாள். பிறகு சாக்குக்கட்டியை என்னிடமே வாங்கி, இரும்பு பீரோ மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"முதல்ல இங்க இருந்து எறக்குங்க. இரும்பு பக்கத்துல வச்சா பாதி அங்கயே போயிடும். அப்புறம், ஒரு பெரிய பெட்டி வாங்கறதைவிட ரெண்டு சின்னது நல்லது. ஒண்ணு முன் ரூம்ல. இன்னொண்ணு இதோ, நடைவழி நடுவுல, ஆள் உயரத்துக்கு மேல. ரெண்டுக்கும் ஊடால ஒயர் இழுத்துடுங்க. ஒயர் இருந்தா சுவரைப் பத்திக் கவலையே இல்ல. ரெண்டுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. எது கிட்ட இருக்கோ அதுல தானாப் புடிச்சுக்கும்."

"எட்டுக் கம்பி வச்சது?"

"அது பெரிய ஹாலுக்கு நல்லாயிருக்கும் அக்கா. உங்க வீடு குழாய் மாதிரி நீளம். எத்தனை கம்பி வச்சாலும் சுவர் சுவர்தானே?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பெட்டிகளை எடுத்துக் கட்டும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "கட்டாகும்போது படமும் சேந்து நிக்குதா, இல்ல பேச்சு மட்டும் நிக்குதா?"

"படத்தை யாரு பாத்தா? பேச்சுதான் நிக்குதாம். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல, மைக்ல கோளாறா இருந்தாலும் அப்படி ஆகும். அதான் கேட்டேன்."

"மைக் புதுசும்மா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். அந்தக் கேள்வியை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எட்டுக் கம்பிப் பெட்டியை வாங்காததில் கொழுந்தனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வியாழக்கிழமை அவர்தான் வந்து ஒயர் இழுத்தார். நடைவழிக் கூரை ஓரமாகக் கோடு போட்ட மாதிரி, ஒரு சாண் ஒரு சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, மூலையில் மடங்காமல் வளைத்து, அழகாக முடித்தார். எனக்கே பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சின்னப் பெட்டியைச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. போனை எடுத்துக்கொண்டு பின் அறைக்கு ஓடினேன். நான்கு கோடு! மேசையில் நான்கு, சன்னலில் நான்கு, கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தாலும் நான்கு.

"பாத்தீங்களா! இனிமே யாரு ஹலோ ஹலோன்னு கத்தறாங்கன்னு பாக்கறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அந்தப் பச்சை விளக்கை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை. என்ன மனுஷன் இவர், இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை வைத்தோம். யோசனை என்னுடையதுதான். கொழுந்தன் தன் வீட்டில் உட்கார்ந்து மாணவராகச் சேர வேண்டும், இவர் பின் அறையில் பாடம் நடத்த வேண்டும். ஐந்து மணிக்கு இவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"அண்ணி, மறுபடி கட்டாகுது! நான் அப்பவே சொன்னேன், எட்டுக் கம்பி வாங்குங்கன்னு. கேட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைப் பிடித்தபடியே நடைவழிக்கு ஓடினேன். பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. என் போனில் ஒரு பாட்டு வீடியோவை ஓடவிட்டேன். சுற்றாமல், நிற்காமல், பளிச்சென்று ஓடியது. அதை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு அடி போய், அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்றேன்.

"...அதனால ரெண்டு பக்கத்தையும்" என்று அவர் குரல் வந்தது. அதோடு நின்றது. உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம். நாற்காலி லேசாக முனகியது. அவர் மூச்சு விடுவது கேட்டது. "ரெண்டு பக்கத்தையும்..." மறுபடி ஃபேன் சத்தம். "...பெருக்கினா" என்று முடித்தார்.

என் காதுக்கும் அவர் வாய்க்கும் நடுவே ரவுட்டரும் இல்லை, ஒயரும் இல்லை. ஒரு பலகைக் கதவுதான் இருந்தது.

"அண்ணி, இப்ப வந்துடுச்சு. ஐயையோ, மறுபடி போச்சு" என்று கொழுந்தன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போனை அணைத்தேன்.

ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இது எப்படி எனக்குத் தெரியாமல் போனது? எப்படி என்றால், அவர் "டீ" என்று ஆரம்பிப்பதற்குள் டம்ளரை நீட்டிவிடுவேன். "அந்த..." என்றால் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பேன். யாராவது வந்து எப்படி இருக்கீங்க சார் என்று கேட்டால், "நல்லா இருக்கார், நேத்துக்கூட ரெண்டு தெரு நடந்தார்" என்று நானே சொல்லிவிடுவேன். அவர் வார்த்தை நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே நான் போய் நின்றுகொண்டிருந்தால், அது நிற்பது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

ஒத்திகை முடிந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். நான் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

எதை என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டினார். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"பழசு இருந்தா... அவங்க... லைன்னு... நெனச்சுக்குவாங்க." ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்தார். "அதத்தான்... சொல்ல வந்தேன். நீ..."

"நான் விடல" என்று முடித்துவிட்டேன்.

அப்போதும்! சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஒளிந்துகொள்ள ஒரு இடம் வைத்திருந்தார் மனுஷன். அளந்து, வெட்டி, கடை ஏறி, ஒயர் இழுத்து, அதை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

"பழசை மாட்டிடவா?" என்று கேட்டேன். "பீரோ மேலயே வச்சுடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் என் தோளில் கையை வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். வேண்டுமா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பப் போய்க் கேட்கவும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் வெள்ளைச் சட்டை நாற்காலியில் தொங்கியது. நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நடைவழிப் பெட்டியின் சுவிட்ச் கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. ஒரு ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். அவர் எங்கேயாவது வசமாக மாட்டிக்கொண்டால் ஒரு தட்டு. லைன் போய்விடும். இந்த வீட்டுக்காரி வாங்கின புது ரவுட்டர் சரியில்லை என்று பழி என் மேல் விழட்டும். மேலாளர் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்குகிறேன்.

ஐந்து மணிக்கு அவர் உள்ளே போனார். வழக்கம்போலக் கதவைச் சாத்தவில்லை. திறந்தே விட்டார். ஸ்டூலில் இருந்து பார்த்தால் அவர் பக்கவாட்டு முகமும், கணினித் திரையும், அதில் ஐந்து சின்னச் சின்னக் கட்டங்களில் ஐந்து முகங்களும் தெரிந்தன. டிரைவர் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சலூன் பெண்ணுக்குப் பின்னால் கண்ணாடி. நர்ஸம்மா சீருடையில். பெயின்டர் காதில் பென்சில். மேலாளர் அம்மா ஒரு நோட்டை முன்னால் வைத்திருந்தார்.

முதல் கணக்கு எப்படியோ போனது. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நின்றார். "ஹலோ சார்?" என்று டிரைவர் ஒருமுறை கேட்டார். மேலாளர் அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். கையைச் சுவிட்ச் மேல் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கணக்குக்கு அவர் படம் போட்டார். ஒரு சுவர். கீழே தரை. சுவரில் சாய்ந்தபடி ஒரு ஏணி. நான்கு வயதுக் குழந்தைகூடப் பார்த்த உடனே சொல்லிவிடும்.

"சுவரோட உயரம் பன்னெண்டு அடி" என்றார். "சுவருக்கும்... அடியில இருக்கிற... கால் முனைக்கும் ஒன்பது அடி. அப்ப இந்த... இந்த..."

நின்றுவிட்டது. விரலால் திரையில் அந்தக் கோட்டைத் தொட்டார். மேலே இருந்து கீழே வரை விரலை ஓட்டினார். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை.

ஏணி, ஏணி, ஏணி என்று என் வாய்க்குள் அது முட்டிக்கொண்டு நின்றது. இங்கேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். "சார், கேக்குதா? சார்?" என்று சலூன் பெண் கேட்டாள். டிரைவர் தன் போனைத் தட்டிப் பார்த்தார். மேலாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சுவிட்சை அழுத்த விரலை வளைத்தேன்.

அவர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார், சுவிட்ச் மேல் இருந்த கையைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கோபமாக இல்லை. பிறகு திரையைப் பார்த்துத் திரும்பினார்.

"லைன் கட்டாகல" என்றார். "லைன்... நல்லாத்தான் இருக்கு. எனக்கு... உடம்பு சரியில்லாம போச்சில்ல. அதுல இருந்து... வார்த்தை... லேட்டா வருது. யாரும்... எடுத்துக் கொடுக்காதீங்க. நானே... சொல்லிடறேன்."

என் கை தானாகக் கீழே இறங்கியது.

திரையில் பெயின்டர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். படத்தில் இருந்தது அவர் தினமும் ஏறி இறங்குகிற சாமான். அவருக்குத் தெரியாதா? வாயைத் திறக்கவில்லை. டிரைவர் பஸ்ஸின் கதவை மெல்லச் சாத்தினார், வெளிச்சத்தம் நின்றது. நர்ஸம்மாதான் சொன்னார்: "இருக்கோம் சார். மெதுவாச் சொல்லுங்க."

ஃபேன் சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஏணி" என்றார்.

"பதினஞ்சு அடி சார்!" என்று பெயின்டர் உடனே கத்தினார். "கணக்கெல்லாம் போடல, பாத்தாலே தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். "பாத்தாத் தெரியும்... சரி. பரீட்சையில... போட்டுக் காட்டணும்" என்றார். போட்டுக் காட்டினார்கள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. அவர் எத்தனை முறை நின்றார் என்று நான் எண்ணவில்லை. ஒருவர்கூட ஹலோ சொல்லவில்லை, ஒருவர்கூட வெளியே போய் உள்ளே வரவில்லை.

முடிகிற நேரத்தில் மேலாளர் அம்மா பேசினார். "சார், நான் லைனுன்னு நெனச்சுத்தான் வேற ஆளுகிட்ட பேசி வச்சிருந்தேன். லைன் நின்னா, திரும்ப வருமா வராதான்னு தெரியாது, இவங்க பாவம் தவிப்பாங்க. நீங்கதான் நிக்கிறீங்கன்னு தெரிஞ்சதும் எல்லாரும் கம்முன்னு உக்காந்து எழுதிட்டு இருந்தாங்க, பாத்தேன். அடுத்த சனிக்கிழமையும் நீங்களே எடுக்கிறீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நின்றது.

எடுப்பார், எடுக்காமல் என்ன, சட்டைகூட இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. மேலாளர் அம்மா காத்திருந்தார். டிரைவர் காத்திருந்தார். நானும் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எடுக்கிறேன்" என்று அவரே சொன்னார்.